கடலூர் உச்சிவானில் ஒரு காமா வெடிப்பு: விண்மீன் சரிவுக் கோட்பாடு வளர்ந்த வரலாறு

2022 அக்டோபர் 9, ஞாயிற்றுக்கிழமை, புரட்டாசிப் பௌர்ணமி. இந்திய நேரம் மாலை 6.47க்கு ஃபெர்மி விண்கலத்தின் காமா கதிர்க் கருவி ஒரு வெடிப்பைப் பதிவு செய்தது. ஜிஆர்பி 221009ஏ எனப் பெயரிடப்பட்ட அது, இதுவரை கருவிகளில் பதிவான காமா வெடிப்புகளிலேயே மிகப் பிரகாசமானது. வந்த திசை சஜிட்டா விண்மீன் குழு, வான நடுவரைக்கு ஏறக்குறைய 20 பாகை வடக்கே. கடலூரின் அகலாங்கு 11.75 பாகை, நெட்டாங்கு 79.77 பாகை. அந்த நிமிடத்துக்குரிய விண்மீன் நேரத்தைக் கொண்டு கணக்கிட்டால், அத்திசை கடலூரில் உச்சிப்புள்ளியிலிருந்து சுமார் 12 பாகைதான் விலகியிருந்தது. சிதம்பரத்திலும் அவ்வளவே. தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் நின்றவருக்கும் சிதம்பரம் தேரடியில் நின்றவருக்கும் அது ஏறத்தாழத் தலைக்கு நேர் மேலே நிகழ்ந்தது.

கண்ணுக்கு எதுவும் தெரிந்திருக்காது. காமா கதிர்கள் தரையைத் தொடுமுன் வளிமண்டலம் அவற்றை உறிஞ்சிவிடும். ஆனால் அயனிமண்டலம் கலங்கியது. சுமார் 500 கி.மீ. உயரத்தில் மின்புலம் மாறியதை இத்தாலிய ஆய்வாளர்கள் சீனாவின் செயற்கைக்கோள் ஒன்றின் பதிவுகளிலிருந்து கண்டறிந்து 2023இல் வெளியிட்டனர். அந்தக் கதிர் நம்மை வந்தடைய எடுத்துக்கொண்ட காலம் ஏறத்தாழ 190 கோடி ஆண்டுகள்.

இப்படிப்பட்ட வெடிப்பை விளக்கும் அறிவு நேர்கோட்டில் வளரவில்லை. விண்மீன் சரிவைப் பற்றிய கணக்கு ஒரு பக்கம், காமா வெடிப்பைப் பற்றிய அவதானிப்பு மறுபக்கம் என இரண்டும் வெகுகாலம் ஒட்டாமலேயே வளர்ந்தன. அவற்றை இணைத்தவை சுழற்சியும் காந்தப்புலமும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதல் கணக்கு ஒரு தமிழ் இளைஞருடையது. சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் முடித்த சுப்பிரமணியன் சந்திரசேகர் 1930 ஜூலை 31 அன்று பம்பாயில் கப்பலேறினார். அப்போது அவருக்கு வயது 19. எரிபொருள் தீர்ந்து சுருங்கிய வெண்குறு விண்மீனின் எலெக்ட்ரான்கள் ஒளிவேகத்தை நெருங்கும்போது, அவற்றின் அழுத்தத்தால் ஒரு குறிப்பிட்ட நிறைக்கு மேல் தாங்க இயலாது என்பதைப் பயணத்திலேயே கண்டார். 1931இல் அச்சான கட்டுரையில் அந்த எல்லை சூரியனைப்போல் 0.91 மடங்கு என்றிருந்தது; உட்கூறு பற்றிய கணிப்பு திருந்தியதும் இன்றைய 1.4 மடங்கு நிலைபெற்றது.

1935 ஜனவரி 11 அன்று லண்டன் அரச வானியல் கழகத்தில் வானியலாளர் எடிங்டன் இதை எல்லோர் முன்னிலையிலும் மறுத்தார். கனமான விண்மீன், ஒளியும் வெளியேற முடியாதபடி சுருங்கிக்கொண்டே போகும் என்பதுதான் அக்கணக்கின் முடிவு என்று அவரே சொல்லி, இயற்கை அதற்கு இடந்தராது என்றார். கருந்துளையைச் சரியாக விவரித்த கையோடு அதை ஒதுக்கித் தள்ளினார். இதனால் துறைக்கு நேர்ந்த இழப்பு பெரிது என்றே கருதுகிறேன். கல்கத்தாவின் தத் 1938இலும் ஓப்பன்ஹைமரும் ஸ்னைடரும் 1939இலும் சரிவைச் சார்பியல் சமன்பாடுகளால் விளக்கியும், அதைத் தொடர்ந்தவர்கள் சிலரே. சுழலும் கருந்துளைக்கான தீர்வை ராய் கெர் தந்தது 1963இல்தான்.

அவதானிப்பின் கதை ராணுவத்தில் தொடங்குகிறது. அணுகுண்டுச் சோதனைகளைக் கண்காணிக்க அமெரிக்கா அனுப்பிய வேலா செயற்கைக்கோள்கள் 1967 ஜூலை 2 அன்று ஒரு காமா வெடிப்பைப் பதிந்தன. இத்தகைய 16 வெடிப்புகள் பற்றிய செய்தி 1973இல் வெளியானது. அவை எவ்வளவு தொலைவில் நிகழ்கின்றன என்பது மேலும் கால் நூற்றாண்டுக்கு விளங்கவில்லை. 1992இல் பச்சின்ஸ்கி, பிரான், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படித்த ரமேஷ் நாராயண் மூவரும் நியூட்ரான் விண்மீன்களின் இணைவை ஒரு காரணமாக முன்வைத்தனர். குறுகிய நேர வெடிப்புகளுக்கு அது பொருந்துவதை, அத்தகைய இணைவு பதிவான 2017 ஆகஸ்ட் 17 நிகழ்வு காட்டியது. நீண்ட நேர வெடிப்புகளுக்கு 1993இல் ஸ்டான் வூஸ்லி வேறு விளக்கம் தந்தார்.

அந்த விளக்கம் சொல்லும் இயக்கம் இது. பெருநிறை விண்மீன் ஹைட்ரஜன் போர்வையை இழந்து வேகமாகச் சுழல்கிறது. அதன் இரும்புக் கரு சரிந்து கருந்துளையாகிறது. சுழற்சி காரணமாக எஞ்சிய பொருள் நேரே உள்ளே விழ முடியாமல் வட்டாகச் சுற்றி, நொடிக்குச் சூரிய நிறையில் பத்தில் ஒரு பங்கு அளவில் உள்ளே பாய்கிறது. துருவத் திசையில் பொருள் குறைவு. வழி அங்கேதான் திறக்கும். கருந்துளையின் சுழற்சி தன்னைச் சுற்றிய வெளியையே இழுப்பதால், அதை ஊடுருவிய காந்தக்கோடுகள் கயிறுபோல் முறுக்கேறி, சுழற்சி ஆற்றலைத் துருவங்கள் வழியே வெளியேற்றுகின்றன. 1977இல் பிளான்ஃபோர்டும் ஸ்னாயெக்கும் காட்டிய வழி இது. காந்தப்புலம் இருந்தால், சுழலும் கருந்துளையிலிருந்து பென்ரோஸ் முறையில் ஆற்றல் எடுப்பது எளிதாகும் என்று 1985இல் வாக், துரந்தர், தாதிச் ஆகிய இந்தியர் மூவர் நிறுவினர். இவ்வாறு பிறந்து ஒளிவேகத்தை நெருங்கும் தாரை விண்மீனைத் துளைத்து வெளியேறச் சுமார் 10 நொடிகள் ஆகும். போர்வை நீங்காத பெருவிண்மீனில் தாரை பாதியிலேயே அடங்கிவிடும்.

சான்றுகள் பின்னால் வந்தன. 1997 பிப்ரவரி 28 வெடிப்பில் முதன்முறையாகப் பின்னொளி கிடைத்தது. 1998 ஏப்ரல் 25 வெடிப்பு நிகழ்ந்த இடத்தில் சூப்பர்நோவா தெரிந்தது. இரண்டும் தொடர்புடையவையா என்ற ஐயத்தை 2003 மார்ச் 29 வெடிப்பு தீர்த்தது. இடையில், 1999 ஜனவரி 23 வெடிப்பு எல்லாத் திசையிலும் சமமாக ஒளிர்ந்திருந்தால் சூரியன் முழுவதையும் ஆற்றலாக்கினாலும் போதாது என்று ஸ்ரீநிவாஸ் குல்கர்ணி குழுவினர் கணக்கிட்டுக் காட்டினர். குறுகிய தாரை என்ற முடிவைத் தவிர்க்க முடியாமல் போனது.

2022 வெடிப்பின் சூப்பர்நோவாவை ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி பின்னர் கண்டுபிடித்தது. 2024இல் வெளியான முடிவின்படி அதன் பிரகாசம் சராசரியே. தங்கம் போன்ற கனத் தனிமங்களின் தடயமும் இல்லை. தாரையின் வலிமை விண்மீன் வெடித்த வேகத்தைப் பொறுத்ததன்று, மையத்தில் பிறந்த கருந்துளையின் சுழற்சியையும் காந்தப்புலத்தையும் பொறுத்தது என்ற கருத்துக்கு அந்தச் சராசரிப் பிரகாசம் வலுச் சேர்க்கிறது.

ஃபெர்மியின் பதிவுகளும் 2015இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற நமது ஆஸ்ட்ரோசாட்டின் பதிவுகளும் யாவருக்கும் கட்டணமின்றித் திறந்திருக்கின்றன. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் கடலூர்க் கல்லூரிகளிலும் இயற்பியல் பயிலும் மாணவர்கள் அவற்றைத் தங்கள் ஆய்வேடுகளுக்கு எடுத்தாள வேண்டும். ஆசிரியர்கள் அதற்கு வழிகாட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.