கல்லும் குலமும்: சீனச் சமாதி விலக்குகளும் நடுநாட்டு ஈமக் கற்களும்

இறந்தாருக்கென்று எடுத்த கல்லை மிதிக்கலாகாது, பெயர்க்கலாகாது, வீட்டுக் காரியத்துக்கு எடுத்தாளலாகாது என்னும் விலக்குகள் சீன தேசத்திலும் உண்டு. உளுந்தூர்பேட்டை, திருக்கோவலூர், கள்ளக்குறிச்சி முதலிய ஊர்களைத் தன்னகத்தே கொண்ட நம் நடுநாட்டிலும் உண்டு. இவ்வொற்றுமையைக் கண்டமாத்திரத்தில் பிரேத பயம் என்னும் ஒரே காரணத்தை இரண்டிற்கும் கற்பித்துவிட்டு ஆராய்ச்சியை முடித்துக்கொள்வது எளிது. ஆனால் அது பொருந்தாது. சீனருடைய விலக்கு, இறந்தவரின் வமிசம் உள்ளவரையில் அவ்வமிசத்தையும் கல்லையும் பிணைத்து வைக்கும் கட்டு. நம்முடைய விலக்கோ, இறந்தவர் இன்னார் என்பதே மறந்துபோன பின்புதான் முழு வலிமை பெறுகிறது. இதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சீனரின் முறையை முதலில் நோக்குவோம். பூக்கியன், குவாங்துங் ஆகிய தென்மாகாணங்களில், பின்னே குன்று அணையாக நிற்க, முன்னே நீர் நிலவ, குதிரை லாடத்தின் வடிவில் மண்மேட்டை வளைத்துக் கட்டிய சமாதியின் நடுவே கல் நிறுத்தப்படுகிறது. பக்கத்திலே அந்நிலத்துக்குரிய பூமி தேவதைக்கும் ஒரு சிறு கல் உண்டு. பெருங்கல்லில் இறந்தவரின் பெயர் மட்டுமன்று, அவர் முன்னோர் பிறந்த ஊரும், அவருக்கு அந்தக் கல்லை எடுத்த புதல்வர், பேரர் முதலியோர் பெயர்களும் பொறிக்கப்படுகின்றன. கணவன் இறந்து மனைவி உயிரோடிருப்பின், அவள் பெயரையும் அப்போதே பொறித்து அதற்குச் செந்நிறம் தீட்டிவைப்பதும், அவளும் காலமான பின்னர் அந்நிறத்தை மாற்றுவதும் பல இடங்களில் வழக்கமாக இருந்துவருகின்றன. ஏப்ரல் 4 அல்லது 5ஆம் தேதியில் வரும் சிங்மிங் திருநாளில் சந்ததியார் சென்று புல்லைக் களைந்து, மேட்டைத் திருத்தி, எழுத்துக்கு மீண்டும் வண்ணம் ஏற்றி, உணவு படைத்து வணங்குகின்றனர். மற்றக் காலங்களில் நல்ல நாள் பாராமல் மண்வெட்டி எடுத்துச் சமாதியைத் தொடுவது நிஷித்தம். கல் பிளந்தாலோ சாய்ந்தாலோ அது குடும்பத்துக்கு வரவிருக்கும் கேட்டின் அறிகுறி. டச்சு அறிஞர் தெ கிரோத் 1892 முதல் 1910 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட சீன சமய நூலில் இறுதிச் சடங்குகளுக்கும் சமாதிக்கும் அளித்திருக்கும் இடத்தின் பரப்பே, அந்நாட்டு வாழ்வில் இவை எத்துணை ஆழமாக வேரூன்றியவை என்பதற்குச் சான்றாகும்.

தென்சீனத்தில் மற்றொரு வழக்கமும் உண்டு. புதைத்துச் சில ஆண்டுகள் கழிந்த பின் குழியைத் திறந்து, எலும்புகளைத் துடைத்து, முறைப்படி ஒரு மண்சாடியில் அடுக்கி, தேர்ந்தெடுத்த நிலத்திலே மீண்டும் அடக்கம் செய்கின்றனர். முதுமக்கள் தாழியை அறிந்த தமிழருக்கு இது அந்நியமாகத் தோன்றாது. இறந்த கணவனுக்கு வனையும் தாழியைத் தனக்கும் இடம் இருக்கும்படி அகலமாக வனையுமாறு வேட்கோவிடம் வேண்டிய பெண்ணின் புறப்பாட்டையும், ஈமத்தின் ஐவகை முறைகளை அடுக்கிச் சொல்லும் மணிமேகலையையும் நாம் பயின்றிருக்கிறோம். ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சீனருக்கு எலும்பே குலத்தின் மூலதனம். நல்ல நிலத்தில் அமைந்த எலும்பினின்று சந்ததிக்கு நன்மை பாயும் என்பது அவர்கள் நம்பிக்கையாதலால், விலக்குகள் யாவும் அந்த எலும்பையும் பெயரையும் சூழ்ந்தே நிற்கின்றன.

நம் நாட்டில் குடும்பம் தன் மூதாதைக்கு நிறுத்தும் கல்லின் கதி வேறு. வைதிகர் முறையில் முதல் நாள் ஆற்றங்கரையிலோ குளக்கரையிலோ கல்லை ஊன்றி, அதிலே பிரேதத்தை ஆவாகனம் செய்து, நாள்தோறும் எள்ளும் நீரும் வார்த்து, பத்தாம் நாள் அக்கல்லைப் பெயர்த்து நீரில் விடுகின்றனர். மற்றச் சாதியாரிடமும் நாளும் எண்ணிக்கையும் வேறுபட்டாலும், கருமாதிக்குக் கல் நிறுத்திப் பின் எடுத்துவிடும் வழக்கம் பரவலாக உண்டு. அந்தக் கல்லில் பெயரில்லை; அதற்கு நிலையும் இல்லை. பின்னர் ஆண்டுதோறும் வரும் திதி நீராலும் சோற்றாலும் நடைபெறுகிறதேயன்றிக் கல்லால் நடைபெறுவதில்லை. புதைக்கும் வழக்கமுடைய குடும்பங்களுள் சமாதி கட்டுவோர் இல்லாமலில்லை. எனினும் சடங்கின் உள்ளியல்பு, குடும்பத்தின் கல் குறித்த நாளில் மறைய வேண்டும் என்பதே. நிலைத்து நிற்கும் உரிமையை நம் முன்னோர் வேறொருவருக்கு வழங்கினர்.

அவன் நடுகல் வீரன். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என்று தொல்காப்பியம் முறைப்படுத்திய சடங்கு, மகன் தந்தைக்குச் செய்யும் சடங்கன்று. ஊர் தன்னைக் காத்தவனுக்குச் செய்வது. கல்வராயன் மலைக்கு வடக்கே செங்கம் வட்டாரத்தில் கிடைத்த பல்லவர் காலக் கற்களை 1972இல் தமிழ்நாடு தொல்லியல் துறை ‘செங்கம் நடுகற்கள்’ என்னும் தொகுதியாக வெளியிட்டது. அவ்வட்டாரத்து எடுத்தனூரில், மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், அதாவது 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், எருமைகளைக் காத்துப் பட்ட கருந்தேவக்கத்திக்கு எடுத்த கல்லிலே, கள்ளரைக் கடித்து நின்ற கோவிவன் என்னும் நாயின் உருவமும் பெயரும் இடம்பெற்றுள்ளன. நாய்க்கு வமிசாவளி ஏது? புகழுக்குரிய செயல் ஒன்றே கல்லில் ஏறும் தகுதியைத் தந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்றை நான் அறியேன்.

எழுத்துடைய கற்களைக் காட்டிலும் எழுத்தில்லாத கற்களே என் வாதத்துக்கு அரண் செய்கின்றன. தண்டராம்பட்டுப் பக்கத்து மோட்டூரில், கல்வட்டங்களுக்கிடையே, தோள்கள் இருபுறமும் வளைந்து விரிய, ஆள் உயரத்தை மிஞ்சி நிற்கும் பெருங்கற்கால மனிதவடிவக் கல்லை, ஊரார் வாலியர் தெய்வம் என்று வழிபட்டு வந்தனர். ஜவ்வாது மலையின் கற்பதுக்கைகளுக்குக் குள்ளர் வீடு, வாலியர் வீடு என்று பெயர். அங்கே அடக்கமானவர் எவர், அவர் சந்ததி எது என்பதை அறிந்தவர் எவருமில்லை; அறியாமையே அவர்களைத் தெய்வமாகவும் அதிமானுடராகவும் உயர்த்தி, கல்லைத் தொடுவதற்கு மக்களை அஞ்ச வைத்தது. ஈராயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட அச்சின்னங்கள் பெயரோ, வண்ணமோ, ஆண்டுத் திருநாளோ இன்றி நம் தலைமுறைவரை வந்து சேர்ந்தமைக்கு, கற்களின் திண்மையைப் போலவே இந்த விலக்கும் காரணம் என்பதில் எனக்கு ஐயமில்லை.

நடுநாட்டின் நினைவு முறை குலத்தைச் சார்ந்ததன்று என்பதற்குத் திருக்கோவலூர்ப் பெண்ணையாற்றின் நடுவே நிற்கும் பாறையும் சான்று. பாரியின் மகளை மலையனுக்கு ஈந்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்த இடம் கபிலக்கல் என்று, கீழூர் வீரட்டானத்திலுள்ள முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு கூறுகிறது. புலவரின் பெயரைப் பல நூற்றாண்டு காத்தவர் அவர் பிள்ளைகளல்லர், அந்த ஊரும் அதன் அரச குலமும். உளுந்தூர்பேட்டை வட்டத்துக் கூவாகத்தில் களப்பலியான அரவானுக்காகச் சித்திரைதோறும் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அதை அறுத்து அழும் திருநங்கையரும் அவனுக்கு இரத்த உறவினர் அல்லர்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழலாம். கல்கத்தாவுக்குத் தெற்கே அச்சிப்பூரில், வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில் நிலம் பெற்றுச் சர்க்கரை ஆலை நிறுவிய தோங் ஆச்சியூவின் செந்நிறச் சமாதி இருக்கிறது; சீனப் புத்தாண்டை ஒட்டிக் கல்கத்தாச் சீனர் கூட்டமாய்ச் சென்று அதை வணங்குகின்றனர். அவர்கள் அவர் வழித்தோன்றல்களாயிருப்பதனால் செல்கிறார்களல்லர். அப்படியாயின் சீனக் கல்லும் குலத்தைக் கடந்து நிற்கக் கூடியதே என்று கூறலாம். கூறுவது உண்மையே, ஆனால் குலத்தைக் கடந்த அக்கணமே அது தன் தேசத்துச் சமாதி விதியை விட்டு, ஒரு சமூகத்தின் ஆதிபுருஷனுக்குரிய கோயிலாக, ஏறக்குறைய நம் நடுகல்லின் தன்மையை அடைந்துவிட்டது. இதற்கு எதிரிடையான உதாரணம் சிங்கப்பூரில் உண்டு. 1922இல் திறக்கப்பட்டு 1973இல் மூடப்பட்ட புக்கிட் பிரௌன் மயானத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் சமாதிகள் இருந்தன. சாலைக்காக அவற்றுள் மூவாயிரத்துக்கு மேற்பட்டவை தோண்டியெடுக்கப்பட்டபோது, உரிமை கோரி வரவேண்டியவர் சந்ததியாரே என்பதால், வாராத சந்ததியினரின் முன்னோர்க்குக் கல்லில் பெயர் இருந்தும் பயனில்லாது போயிற்று.

நம் பக்கத்து ஆபத்து மறுவகை. குள்ளர் கதையை நம்பாத தலைமுறை வந்துவிட்டது. சந்ததி என்று வழக்காட எவரும் இல்லாத கல்வட்டம், வயல் திருத்துவோருக்கும் கல்லுடைப்போருக்கும் வெறும் கல்லாகவே தெரிகிறது. 1958ஆம் ஆண்டு மத்தியச் சட்டமும் 1966ஆம் ஆண்டு மாநிலச் சட்டமும் அறிவிக்கப்பட்ட சின்னங்களுக்கு அரணாகுமேயன்றி, அறிவிக்கப்படாமல் புதரில் நிற்பனவற்றை எட்டா. ஆகவே கள ஆய்வாளர் ஒரு கல்லின் உயரத்தையும் திசையையும் குறிக்கும் அதே ஏட்டில், அதை எவர் தொடுவதில்லை, எந்நாளில் படையல் வைக்கின்றனர், உடைத்தவனுக்கு என்ன நேர்ந்ததாக ஊரார் சொல்கின்றனர் என்பனவற்றையும், அக்கதை அறிந்த முதியோர் இருக்கும்போதே குறித்துக்கொள்ள வேண்டும். அறிவிப்புக்குரிய சின்னங்களைத் தேரும்போது, எழுத்தில்லாத கல்லைப் பொறுத்தவரை அவ்வழக்காற்றையும் அதன் தொன்மைக்குரிய ஆவணங்களுள் ஒன்றாக ஏற்க வேண்டும்.