கார் பெயிண்ட் மெருகும் பாதுகாப்புப் பூச்சும்

கார் பெயிண்ட் மெருகு என்பது காரின் மேற்பூச்சை நுண்துகள் கலந்த பசையால் தேய்த்து, கீறலையும் மங்கலையும் கறையையும் நீக்கிப் பளபளப்பை மீட்கும் வேலை. பாதுகாப்புப் பூச்சு என்பது அப்படி மீட்ட பரப்பின்மேல் மெழுகு, பாலிமர், செராமிக், படலம் ஆகியவற்றில் ஒன்றைப் போர்த்தி, வெயிலிலிருந்தும் நீரிலிருந்தும் அழுக்கிலிருந்தும் காக்கும் வேலை. பட்டறைகளிலும் உதிரிபாகக் கடைகளிலும் இரண்டையுமே ‘பாலிஷ்’ என்றே சொல்கிறார்கள். ஆனால் முதலாவது பூச்சிலிருந்து கழிக்கிறது, இரண்டாவது அதன்மேல் கூட்டுகிறது. நகைக்கு மெருகு போட்டால் சேதாரம் உண்டு என்பது பொற்கொல்லர் கணக்கு. கார் பெயிண்டுக்கும் அதே கணக்குதான். எந்தப் பொருளை வாங்குவது என்ற கேள்விக்குச் சரியான விடை, குறைந்த சேதாரத்தில் வேலையை முடிக்கும் பொருள் எது என்பதே.

பூச்சின் அடுக்குகள்

இன்றைய காரின் தகட்டின்மேல் முதலில் துருவைத் தடுக்கும் மின்படிவுப் பூச்சு இருக்கும். அதன்மேல் பிரைமரும், நிறம் தரும் பேஸ் கோட்டும், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட்டும் அமையும். எல்லாம் சேர்ந்து பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும். கிளியர் கோட்டின் பங்கு ஏறத்தாழ 35 முதல் 50 மைக்ரான், அதாவது ஒரு தலைமுடியின் கனம்கூட இல்லை.

பளபளப்பைத் தருவதும் புற ஊதாக் கதிரை உறிஞ்சி நிறத்தைக் காப்பதும் இந்த மெல்லிய அடுக்குதான். அளவுக்கு மீறித் தேய்த்த காரில் சில ஆண்டுகளில் கூரையும் பானெட்டும் வெளிறி, கிளியர் கோட் தோல் உரிவதுபோல் உரியத் தொடங்கும். அதன்பின் எந்தப் பாலிஷும் பயன் தராது, மறு பெயிண்டிங்தான் வழி.

அம்பாசடர், பத்மினி காலத்து வண்டிகள் பலவற்றில் கிளியர் கோட் இல்லாத ஒற்றை அடுக்குப் பூச்சு இருந்தது. தேய்க்கும் துணியில் காரின் நிறமே ஒட்டினால் அது ஒற்றை அடுக்கு என்று அறியலாம்.

வரலாறு

1920-களில் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனம் உருவாக்கிய ‘டூக்கோ’ என்ற நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர், நாள்கணக்கில் உலர வேண்டியிருந்த கார் பூச்சை மணிக்கணக்கில் உலர வைத்தது. ஜெனரல் மோட்டார்ஸ் அதைத் தன் ஓக்லண்ட் வகைக் கார்களில் பயன்படுத்தியது. லாக்கர் விரைவில் மங்கும் தன்மை கொண்டது. அதை அவ்வப்போது தேய்த்து மெழுகிட வேண்டியிருந்ததால், கார் வைத்திருப்போரின் வழக்கமான வேலைகளில் ஒன்றாக மெருகிடுதல் சேர்ந்துகொண்டது.

மெகுவயர்ஸ் நிறுவனம் 1901-இல் அறைகலன் மெருகில் தொடங்கி, பின்னர் கார் பக்கம் வந்தது. 1910-இல் தொடங்கிய சைமோனிஸ் நிறுவனத்தின் பெயர், காருக்கு மெழுகு போடுவதைக் குறிக்கும் ஆங்கில வினைச்சொல்லாகவே மாறியது. 1980-களில் கிளியர் கோட் பரவலான பிறகு தேய்ப்புப் பொருள்களின் இயல்பும் மாற வேண்டியதாயிற்று. லாக்கருக்கு ஏற்ற முரட்டுக் காம்பவுண்டுகள் கிளியர் கோட்டில் மூட்டமும் வட்டக் கீறல்களும் விட்டன. அதனால் சீரான, மிக நுண்ணிய துகள்கள் கொண்ட பாலிஷ்கள் உருவாயின.

மெருகுப் பொருள்களின் வகைகள்

பெரும்பாலான மெருகுப் பொருள்களில் தேய்க்கும் வேலையைச் செய்வது அலுமினியம் ஆக்சைடுத் துகள். துகளின் அளவும் வடிவமும் வேறுபட, பொருளின் வீரியமும் வேறுபடும்.

காம்பவுண்ட்: வீரியம் மிக்கது. உப்புத்தாள் தேய்த்த தடத்தையும் கனமான கீறலையும் நீக்கும். சேதாரமும் இதில்தான் அதிகம். ரப்பிங் காம்பவுண்ட் என்ற பெயரில் விற்கும் பழைய வகைப் பசைகளைக் கிளியர் கோட்டில் தொடாமலிருப்பது நல்லது.

நடுத்தரப் பாலிஷ்: கழுவும்போதும் துடைக்கும்போதும் விழுந்த மெல்லிய வட்டக் கீறல்களுக்கு உரியது.

ஃபினிஷிங் பாலிஷ்: முந்தைய இரண்டும் விட்ட மூட்டத்தை நீக்கி ஆழ்ந்த மினுக்கம் தருவது. அடர்நிறக் கார்களில் இதன் பயன் தெளிவாகத் தெரியும்.

கிளேஸ்: எண்ணெயும் நிரப்பியும் கலந்தது. கீறலை நீக்காமல் அதன் பள்ளத்தை நிரப்பி மறைக்கும், சில கழுவல்களில் கீறல் திரும்பத் தெரியும். பழைய கார் வாங்குவோர் இதை அறிந்திருக்க வேண்டும். விற்பனைக்கு முன் தினம் பளபளக்கும் கார் அடுத்த மாதமும் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது.

பாலிஷின் வேகம் துகளை மட்டும் பொறுத்ததன்று. கம்பளிப் பேட் மிக அதிகமாகத் தேய்க்கும், மென்மையான ஃபோம் பேட் மிகக் குறைவாகத் தேய்க்கும். ஒரே அச்சில் சுழலும் ரோட்டரி மெஷின் விரைவாக வெட்டும், ஆனால் ஒரே இடத்தில் நின்றால் சூடேறிப் பூச்சைக் கருக்கிவிடும். சுழன்றபடியே அலையும் டூயல் ஆக்‌ஷன் மெஷினில் அந்த ஆபத்து மிகக் குறைவு என்பதால் புதியவர்களுக்கு அதுவே ஏற்றது. கதவு விளிம்பிலும் உடல் மடிப்பிலும் பூச்சு மெலிந்திருப்பதால், அந்த இடங்களை டேப் ஒட்டி மறைத்துக்கொள்வது தொழில் தெரிந்தோர் வழக்கம்.

மெருகுக்கு முன்

அழுக்கின்மேல் தேய்த்தால் அழுக்கே உப்புத்தாளாகிவிடும். ஆகவே முதலில் நன்றாகக் கழுவ வேண்டும். பிரேக்கிலிருந்து பறந்து ஒட்டிய இரும்புத் துகளை, பட்டதும் ஊதா நிறமாக மாறும் இரும்பு நீக்கித் திரவம் கரைக்கும். கையால் தடவும்போது இன்னும் சொரசொரப்பாக இருந்தால், வழுக்கும் திரவம் தெளித்து, கிளே பார் எனப்படும் பிசைந்த களிமண் போன்ற கட்டியால் மெதுவாக இழுக்க வேண்டும். கீழே விழுந்த கிளேயில் மணல் ஒட்டியிருக்கும், அதைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது.

அடுத்தது கீறலின் ஆழம். நகத்தை அதன் குறுக்கே ஓட்டினால் நகம் தட்டுகிறதா என்று பார்க்கலாம். தட்டினால் அது பாலிஷில் முழுமையாகப் போகும் கீறல் அன்று, அதைத் துரத்திப் போவது பூச்சை இழப்பதாகவே முடியும். பெயிண்ட் கனமானி இருந்தால் ஒவ்வொரு பலகையையும் அளந்த பிறகே தொடங்கலாம். உலோகத்தின்மேல் உள்ள பூச்சை மட்டும் அளக்கும் சாதாரணக் கருவி பிளாஸ்டிக் பம்பரில் வேலை செய்யாது.

பாதுகாப்புப் பூச்சுகள்

மெழுகு: இயற்கை மெழுகுகளில் புகழ்பெற்றது கார்னௌபா. வடகிழக்குப் பிரேசிலில் வளரும் ஒரு பனை வகை, வறட்சியில் ஈரம் இழக்காதிருக்கத் தன் ஓலைமேல் சுரக்கும் மெழுகு இது. ஓலையை வெட்டிக் காயவைத்து, தட்டி உதிர்த்து எடுக்கிறார்கள். 82 முதல் 86 பாகை செல்சியசில் உருகும். தூய நிலையில் கல்போல் கெட்டியானது, பூச முடியாது. கரைப்பானும் எண்ணெயும் பிற மெழுகும் சேர்ந்தால்தான் டப்பாவுக்குள் பசையாக இருக்கும். எனவே ‘நூறு சதவீதம் கார்னௌபா’ என்ற வாசகத்தை, டப்பா முழுக்க அதுதான் என்று பொருள் கொள்ள முடியாது. நிறத்துக்கு இதமான ஆழம் தரும், ஆனால் வெயில் ஊரில் சில வாரங்களே நிற்கும்.

செயற்கைச் சீலன்ட்: பாலிமரால் ஆனது. மெழுகைவிட வெப்பத்தையும் சோப்பையும் நன்றாகத் தாங்கி, சில மாதங்கள் நீடிக்கும். விலைக்கும் உழைப்புக்கும் ஏற்ற பலன் தருவதில் பலருக்கு இதுவே போதும்.

‘டெஃப்லான் கோட்டிங்’: டெஃப்லான் என்ற பிடிஎஃப்இ ஏறத்தாழ 327 பாகை செல்சியசில்தான் உருகும். வாணலியில் அதை அந்தச் சூட்டுக்கு அருகிலோ மேலோ கொண்டுபோய்ப் பதிக்கிறார்கள், கார் பெயிண்டை அப்படிச் சூடேற்ற முடியாது. இந்தப் பெயரில் பூசப்படுவதைச் சீலன்டாகக் கருதி விலையை எடைபோடுவதே முறை.

செராமிக் கோட்டிங்: சிலிக்கா சார்ந்த திரவம். பரப்பில் பிணைந்து, பெரும்பாலும் ஓரிரு மைக்ரானுக்குள் அடங்கும் கெட்டிப் படலமாகும். ஓராண்டு முதல் பல ஆண்டுகள் வரை நிற்கும். அழுக்கு ஒட்டாமல் கழுவுவதை எளிதாக்குவதே இதன் பெரிய நன்மை. விளம்பரத்தில் வரும் ‘9ஹெச்’ என்பது பென்சில் கடினச் சோதனையின் அளவு, கனிமங்களை அளக்கும் மோஸ் அளவு அன்று. கல் தெறிப்பையும் சாவிக் கீறலையும் இது தடுக்காது. படலத்துக்கு அடியில் இருக்கும் கீறல் அப்படியே அடைபட்டுப் போகும் என்பதால், பூசும் முன் மெருகு அவசியம்.

பெயிண்ட் பாதுகாப்புப் படலம்: பிபிஎஃப் என்று அழைக்கப்படுவது. பாலியூரித்தேனால் ஆன, சுமார் 150 முதல் 200 மைக்ரான் வரை கனமுள்ள ஒளி ஊடுருவும் தாள். கல் தெறிப்பைத் தாங்குவது இது ஒன்றே. சிறு கீறல் விழுந்தால் வெப்பத்தில் தானாக மறையும் வகைகளும் உண்டு. விலை மிக அதிகம். நெடுஞ்சாலையில் அதிகம் ஓடும் காருக்கு முன்பக்கம் மட்டும் ஒட்டிக்கொள்வது சிக்கனமான வழி.

எதைத் தேர்வது

புது காருக்கு வழக்கமாகப் பாலிஷ் தேவைப்படாது. கழுவி, கிளே செய்து, சீலன்டோ செராமிக்கோ பூசினால் போதும். தொழிற்சாலைப் பூச்சு சூளையில் முழுமையாக இறுகியிருக்கும். பட்டறையில் மறு பெயிண்டிங் செய்த பலகை அப்படி இறுகியிருக்காது, பெயிண்ட் நிறுவனம் சொல்லும் காலம் கழிந்த பிறகே மெழுகோ கோட்டிங்கோ பூச வேண்டும்.

வட்டக் கீறல் விழுந்த காரில், பானெட்டின் ஒரு மூலையில் மென்மையான பேடும் ஃபினிஷிங் பாலிஷும் கொண்டு முதலில் சோதிக்க வேண்டும். போதவில்லை என்றால் மட்டும் ஒரு படி மேலே போக வேண்டும்.

மரத்தடியில் நிற்கும் காருக்குப் பறவை எச்சம்தான் பெரும் பகை. அதிலுள்ள யூரிக் அமிலம், வெயிலில் சூடேறிய பூச்சில் தழும்பு விடும். எந்தக் கோட்டிங் இருந்தாலும் அன்றே ஈரத்துணியால் ஊற வைத்து எடுக்க வேண்டும்.

உப்பு நீர் ஊர்களில் வேறொரு கவனம் தேவை. நீரை முத்து முத்தாக நிறுத்தும் பூச்சில் ஆழ்குழாய்க் கிணற்று நீர் வெயிலில் காய்ந்தால், ஒவ்வொரு முத்தும் ஒரு சுண்ணாம்பு வளையமாகிவிடும். அங்கே செராமிக் போட்டவர் நிழலில் கழுவி உடனே துடைத்தெடுக்க வேண்டும்.

மேட் ஃபினிஷ் காருக்குப் பாலிஷும் சாதாரண மெழுகும் கூடாது. தேய்த்த இடம் பளபளத்துத் திட்டாகத் தெரியும், அதைத் திரும்ப மங்கலாக்க முடியாது.

பராமரிப்பு

வட்டக் கீறல்களில் பெரும்பகுதி சாலையில் விழுபவை அல்ல. காலையில் தூசி படிந்த காரை ஒரே பழைய துணியால் வறட்டுத் துடைப்பு துடைப்பதால் விழுபவை. மண்ணெண்ணெய் கலந்து துடைப்பதும் பாத்திரச் சோப்பு போடுவதும் இருக்கும் மெழுகையும் கரைத்துவிடும். முதலில் நீரைப் பாய்ச்சித் தூசியை இறக்கி, கார் ஷாம்பூவில் நனைத்த மைக்ரோஃபைபர் கையுறையால் மேலிருந்து கீழாகக் கழுவி, தனி வாளியில் அதை அலசி அலசித் தொடர்வதே பூச்சுக்கு நல்லது. இப்படிக் கழுவப்படும் காருக்கு மெஷின் பாலிஷ் தேவைப்படும் நாள் தள்ளிப்போகும், தொழிற்சாலை தந்த கிளியர் கோட் காரின் ஆயுள் முழுவதும் வரும்.