வட்டம் போடுவதா, எக்ஸ் வைப்பதா?

'ஓவர்லாக், பேட்லாக் டெய்லர்கள் தேவை' என்ற அட்டை தொங்காத தெரு திருப்பூரில் அபூர்வம். ஒரே டெய்லர் இரண்டு மெஷினிலும் உட்காருவார் என்பதால் ஆள் கணக்கு எடுக்கும்போதே குழப்பம் வந்துவிடும். ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் முதல் இயலான கணமொழி பேசுவதும் இந்தக் குழப்பத்தைத்தான்.

ஒரு பனியன் கம்பெனியில் 60 டெய்லர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஓவர்லாக் தெரிந்தவர்கள் 42, பேட்லாக் தெரிந்தவர்கள் 33. இரண்டும் தெரியாமல் சிங்கர் மெஷின் மட்டும் ஓட்டுபவர்கள் 5. இரண்டும் தெரிந்தவர்கள் எத்தனை பேர்?

வென்படத்தில் வட்டம் போடுகிறவர், வட்டங்கள் வெட்டிக்கொள்ளும் நடுப்பகுதியிலிருந்துதான் நிரப்பத் தொடங்குவார். இங்கே அந்த எண்தான் கேள்வியே. எக்ஸ் வைப்பவருக்கு அந்தத் தயக்கம் இல்லை. 42 + 33 − எக்ஸ் = 55; எக்ஸ் 20. இரண்டு கணங்கள் மட்டும் என்றால் படம் வெறும் அலங்காரம் என்பேன்.

மூன்றாவதாகச் சிங்கரையும் சேர்த்தால் ஆட்டம் மாறுகிறது. சிங்கர் தெரிந்தவர்கள் 22. ஓவர்லாக்கும் பேட்லாக்கும் 20, ஓவர்லாக்கும் சிங்கரும் 14, பேட்லாக்கும் சிங்கரும் 10, மூன்றும் 7. அந்த 20 பேரில் மூன்றும் தெரிந்த 7 பேர் அடக்கமா, இல்லையா? அடக்கம் என்றால் 97 − 44 + 7, அதாவது 60. 'இரண்டு மட்டும்' என்று படித்துவிட்டவர் 97 − 44 − 14 போட்டு 39 என்பார். சூத்திரம் முகம் சுளிக்காமல் இரண்டு விடையையும் தரும். படம் அப்படி விடாது. தப்பாகப் படித்த எண்களை வட்டத்தில் எழுதிப் பாருங்கள்: சிங்கர் மட்டும் தெரிந்தவர்களுக்கு 22 − 14 − 10 − 7 போட்டாலே −9 பேர் என்று வந்து நிற்கும். 1880இல் ஜான் வென் தம் வட்டங்களை முன்வைத்தது தர்க்கத்துக்காக, தலை எண்ணுவதற்காக அல்ல. வாக்கியத்தைத் தப்பாகப் படித்ததைக் காட்டிக்கொடுப்பதில் அவற்றுக்கு இணை இல்லாததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

ஆனால் தகவலே குறைவாக இருக்கும்போது? செக்கிங் டேபிளுக்குப் போவோம். டியூப் லைட்டுக்கு அடியில் பீஸைப் புரட்டிப் பார்த்து, குறை இருக்கும் இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். ஷீட்டில் குறைவாரியாகக் கோடு போடுகிறார்கள்: எண்ணெய்க் கறை 8, தையல் விட்டது 6. பையர் தரப்பு ஆய்வாளர் ஐஎஸ்ஓ 2859-1 அட்டவணைப்படி 200 பீஸ் எடுத்திருக்கிறார், ஏக்யூஎல் (ஏற்கத்தக்க தர வரம்பு) 2.5. குறையுள்ள பீஸ் 10 வரை இருந்தால் சரக்கு பாஸ், 11 ஆனால் ரிஜெக்ட். எட்டும் ஆறும் பதினான்கு, ரிஜெக்ட் என்று சூப்பர்வைசர் தலையில் கைவைக்கிறார்.

பதினான்கு என்பது குறைகளின் எண்ணிக்கை. அட்டவணை இங்கே கேட்பது பீஸ்களை. கறையும் தையல் குறையும் சேர்ந்தே இருக்கும் பீஸ்கள் எக்ஸ் என்றால், குறையுள்ள பீஸ்கள் 14 − எக்ஸ். படத்தை வரைந்தால் நடுக்கட்டம் காலியாகவே கிடக்கும், அதற்குமேல் நகராது. எக்ஸ் நகரும்: தையல் விட்டதே ஆறுதான் என்பதால் அது 0 முதல் 6 வரை இருக்கலாம், பீஸ்கள் 8 முதல் 14 வரை. 14 − எக்ஸ் பத்தைத் தாண்டக்கூடாது என்றால் எக்ஸ் குறைந்தது 4 இருக்கவேண்டும்.

ஆக, 200 பீஸையும் மறுபடி புரட்டவேண்டியதில்லை. தையல் விட்ட ஆறு பீஸை மட்டும் எடுத்து, கறை ஸ்டிக்கரும் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். நான்காவது பீஸிலும் இருந்துவிட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.