சிறு சொல்லின் பெருங்கதை

ஒரு மொழியில் அரிய சொல் யாது, எளிய சொல் யாது என்று வினவினால், நீண்டு நிற்பதையும் ஒலிப்பதற்குக் கடினமானதையுமே அரிய சொல் என்று கூறுவோம். அகராதி இயற்றியவர்களின் அனுபவமோ இதற்கு நேர்மாறானது. நீண்ட சொல்லுக்கு ஓரிரு வரிகளிற் பொருள் எழுதி முடித்துவிடலாம். அவர்களை வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் அலைக்கழித்தவை மூன்றெழுத்துச் சொற்களே. ஆங்கிலத்தில் வழங்கும் 'செட்' என்னும் சொல் அவற்றுள் தலையாயது. அதன் வரலாற்றையே இன்று காண்போம்.

கதிரவன் மறைவதும் 'செட்'. சாந்து இறுகுவதும் 'செட்'. மோதிரத்தில் மணியைப் பதிப்பதும், முறிந்த எலும்பைப் பொருத்துவதும், கடிகாரத்தைச் சரிப்படுத்துவதும், எலிக்குப் பொறி வைப்பதும், விலையை வரையறுப்பதும், அச்சுக்கு எழுத்துக் கோப்பதும் அந்த ஒரு சொல்லாலேயே குறிக்கப்படுகின்றன. 'அவுட்', 'அப்' போன்ற சிறு சொற்கள் பின்னே வந்து சேருமாயின் புறப்படுதல், நிறுவுதல் என மேலும் பல பொருள்கள் கிளைக்கின்றன.

இத்தனை பொருளும் எங்கிருந்து வந்தன? பழைய ஆங்கிலத்தில் 'செட்டன்' என்றொரு வினை இருந்தது. உட்காரச் செய்தல் என்பது அதன் பொருள். தமிழில் அமர்தல் தன்வினை, அமர்த்துதல் பிறவினை. அதுபோலவே ஆங்கிலத்தில் 'சிட்' தன்வினை, 'செட்' அதன் பிறவினை. இந்த ஒரு குறிப்பைக் கைக்கொண்டு பார்த்தால் சிதறிக் கிடக்கும் பொருள்கள் பல ஒன்றுகூடுகின்றன. மணி மோதிரத்தில் அமர்த்தப்படுகிறது. எலும்பு தன் இடத்தில் அமர்த்தப்படுகிறது. கடிகாரத்தின் முள் உரிய மணியில் அமர்த்தப்படுகிறது.

ஆயினும் தொகுதி என்னும் பொருளுக்கு இவ்விளக்கம் முற்றும் பொருந்தாது. அதன் வேர் வேறு. 1066-ஆம் ஆண்டில் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பின்னர்ப் பிரெஞ்சுச் சொற்கள் அந்நாட்டு மொழியிற் பெருகிப் புகுந்தன. ஒரு தலைவரைப் பின்பற்றும் கூட்டத்தைக் குறித்த 'செக்டா' என்னும் இலத்தீன் சொல், பழைய பிரெஞ்சில் உருமாறி ஆங்கிலத்தை அடைந்தது. ஒலி ஒத்தமையால் அது முன்னைய வினையோடு கலந்துவிட்டது. இன்று நம்மவர் கடையிற் 'பாத்திர செட்' என்று கேட்கும்போது, அவர் அறியாமலே இலத்தீன் மரபில் வந்த சொல்லை எடுத்தாளுகிறார்.

இத்தகைய சொல்லை அகராதிகள் எவ்வாறு நடத்தின? தொடக்கத்தில் அவை அதனைப் பொருட்படுத்தவே இல்லை. 1604-இல் இராபர்ட் காட்ரி வெளியிட்ட அகராதி ஏறத்தாழ 2,500 கடினச் சொற்களுக்கு மட்டுமே பொருள் கூறியது. எல்லோரும் அறிந்த சொல்லுக்கு விளக்கம் எதற்கு என்பது அக்காலத்தார் கருத்து. 1755-இல் தம் பேரகராதியை முடித்த சாமுவேல் ஜான்சனே எளிய வினைகளின் அருமையை நன்குணர்ந்தவர். இத்தகைய வினைகள் வரம்பின்றிப் பரந்து கிடப்பதைத் தம் முன்னுரையில் எடுத்துக் கூறி, 'செட்' என்பதையும் அவற்றுள் ஒன்றாக எண்ணினார். 'டேக்' என்னும் ஒரு வினைக்கு மட்டும் அவர் 134 பொருள்களை வகுத்தார்.

1857-இல் இலண்டன் மொழியியற் கழகத்தார் ஒரு புதிய அகராதிக்கு அடிகோலினர். ஒவ்வொரு சொல்லும் எப்போது பிறந்தது, எவ்வாறு பொருள் மாறியது என்பதை மேற்கோள்களால் நிறுவுவதே அவர்தம் நோக்கம். தன்னார்வலர் பலர் நூல்களைப் படித்துத் துண்டுத்தாள்களில் மேற்கோள் எழுதி அனுப்பினர். 1879-இல் ஆசிரியப் பொறுப்பேற்ற ஜேம்ஸ் மர்ரே அவற்றைப் பிரித்துப் பார்த்தபோது ஒரு பெருங்குறை புலப்பட்டது. 'அபியூஷன்' என்னும் வழக்கிழந்த சொல்லுக்கு ஏறக்குறைய 50 மேற்கோள்கள் வந்திருந்தன. நாள்தோறும் வழங்கும் 'அபியூஸ்' என்பதற்கோ ஐந்துகூட இல்லை! புதுமையானது கண்ணைக் கவர்கிறது. பழகியது கண்முன் நின்றும் தெரிவதில்லை. அக்குறையை நிரப்ப மீண்டும் நூல்களைப் படிக்குமாறு வேண்ட நேர்ந்தது.

'செட்' அடங்கிய பகுதியைப் பதிப்பித்தவர் ஹென்றி பிராட்லி. ஷெப்பீல்டு நகரில் கத்தி முதலியன செய்யும் நிறுவனமொன்றில் எழுத்தராகப் பணிபுரிந்துகொண்டே தம் முயற்சியாற் பல மொழிகளைக் கற்றவர் அவர். 1884-இல் வெளிவந்த அகராதியின் முதற் பகுதிக்கு அவர் எழுதிய மதிப்புரையே அவரை மர்ரேயிடம் கொண்டுசேர்த்தது. மர்ரே 1915-இலும், பிராட்லி 1923-இலும் மறைந்தனர். முழு அகராதி 1928-இல் நிறைவெய்தியது. அதனை நிறைவெய்தக் காணும் பேறு இருவருக்கும் கிட்டவில்லை.

1989-இல் இருபது தொகுதிகளாக வந்த இரண்டாம் பதிப்பில், 'செட்' 430-க்கும் மேற்பட்ட பொருள்களுடன், ஏறத்தாழ 60,000 சொற்களாலான விளக்கம் பெற்று முதலிடத்தில் நின்றது. ஆயினும் அவ்விடம் நிலைக்கவில்லை. மூன்றாம் பதிப்புக்காகத் திருத்தியபோது, ஓடுதலைக் குறிக்கும் 'ரன்' என்னும் வினை 645 பொருள்களுடன் அதனை முந்தியதாக 2011-இல் அறிவிக்கப்பட்டது. அந்த ஒரு வினையை ஆராய்ந்து வகுக்க ஓர் ஆசிரியருக்கு ஒன்பது மாதங்கள் தேவைப்பட்டன. மனிதனும் விலங்கும் ஓடிய காலம் போய், ஆலையும் புகைவண்டியும் ஓடின. பின்னர்க் கணிப்பொறியின் நிரலும் ஓடத் தொடங்கியது. புதுப்பொருள் தோன்றும்போதெல்லாம் மக்கள் புதுச்சொல்லைத் தேடி அலைவதில்லை; கைக்கெட்டிய பழஞ்சொல்லுக்கே புதுப்பணி கொடுக்கின்றனர்.

ஆதலால் மாணவர்களே, ஒரு மொழியைக் கற்கையில் அருஞ்சொற்களை மட்டும் குறித்துவைத்து, எளிய சொற்களை அறிந்தவை என்று கடந்துவிடாதீர்கள். அருஞ்சொல் புலவரின் ஏட்டில் வாழ்வது. எளிய சொல்லோ உழவரும் தச்சரும் வணிகரும் தத்தம் தேவைக்கேற்பப் பொருளேற்றிப் பல நூற்றாண்டுகள் கைமாற்றித் தந்தது. ஒரு மக்களின் வரலாறு அரசர் பெயர்களில் மட்டுமன்று, இத்தகைய சிறு சொற்களிலும் அடங்கியிருக்கிறது.