பொன்னிற மருந்தின் கதை

காசிமேட்டில் வயிற்றுக் கோளாறு கண்டால், மருத்துவரை நாடாமல் மருந்துக் கடையில் இரண்டு மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு மறுபடியும் கடலுக்குப் புறப்படுவோர் உண்டு. அவ்வாறு விழுங்கப்படும் மாத்திரைகளுள் டெட்ராசைக்ளின் இனமும் ஒன்று. அது எவ்வாறு பிறந்தது, எவ்வாறு உட்கொள்ளத் தக்கது என்பதைப் பற்றி இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

இவ்வினத்தின் மூத்த மருந்து ஆரியோமைசின். எழுபது வயதைக் கடந்த தாவர நூலறிஞர் பெஞ்சமின் டகர், அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்து வயல் மண்ணில் பொன்னிறமான ஒரு நுண்ணுயிரைக் கண்டார். அதிலிருந்து இம்மருந்து கிடைத்தது. 1948இல் அது உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அப்போது லெடர்லி ஆய்வுக்கூடத்தின் ஆராய்ச்சித் தலைவராக இருந்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமவரத்தில் 1895இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, 1923இல் அமெரிக்கா சென்றவர் அவர். மருந்து வெளிவந்த அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அவர் மறைந்தார்.

இம்மருந்து கிருமியை நேரே கொல்வதில்லை. கிருமி தனக்கு வேண்டிய புரதத்தை ஆக்கிக்கொள்ளாதபடி தடுத்து, அதைப் பெருகவொட்டாமல் நிறுத்துகிறது. எஞ்சிய பணியை நம் உடலே செய்கிறது. வைரஸினால் வரும் சளிக்காய்ச்சலுக்கு இதனால் பயன் சிறிதும் இல்லை.

இனி நம் நகரத்துக்கு வருவோம். காசிமேட்டுக்கு அடுத்த தண்டையார்பேட்டையில் தொற்றுநோய் மருத்துவமனை இருப்பதை நேயர்கள் அறிவீர்கள். காலரா வட சென்னைக்குப் புதிய நோயன்று. ஆயினும் 1992ஆம் ஆண்டின் இறுதியில் சென்னையில் தோன்றிய காலராவுக்குக் காரணமான கிருமி, அதுவரை அறியாத வகை. ஓ139 என்று அதற்கு எண்ணிட்டார்கள். வங்காள விரிகுடாவின் கரையில் எழுந்ததால் பெங்கால் என்றும் பெயரிட்டார்கள். பழைய காலராவினால் பெற்றிருந்த எதிர்ப்பாற்றல் இதனிடம் பலிக்கவில்லை; ஆகவே பெரியவர்களும் மிகுதியாக நோயுற்றனர். கோ-டிரைமாக்ஸசோலும் ஸ்ட்ரெப்டோமைசினும் அதனிடம் தோற்றன. டெட்ராசைக்ளினுக்கு அது அடங்கியது.

இங்கே ஒன்றை வற்புறுத்த விரும்புகிறேன். காலராவில் உயிரைக் காப்பது முதலாவதாக, இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்வதே. மாத்திரை அதற்குத் துணை மட்டுமே. பேதியின் அளவையும் நாட்களையும் அது குறைக்கிறது. அந்தத் துணையும் கைவிட்டுப்போகாமல் இருக்கவேண்டுமானால், வேண்டாத இடத்தில் மருந்தைச் செலவிடலாகாது. காரணமின்றி விழுங்கும் ஒவ்வொரு மாத்திரையும், மருந்தைத் தாங்கும் கிருமிகளைத் தழைக்கவிட்டு மற்றவற்றை ஒடுக்குகிறது. அதன் விலையை மாத்திரை வாங்கியவர் மட்டும் கொடுப்பதில்லை. அண்டை வீட்டாரும் கொடுக்க நேரும்.

உட்கொள்ளும் முறையிலும் கவனம் வேண்டும். பாலிலுள்ள சுண்ணாம்புச் சத்து டெட்ராசைக்ளினைப் பற்றிக்கொள்ளும்; இரும்புச் சத்து மாத்திரையும் நெஞ்செரிச்சல் மருந்தும் அவ்வாறே செய்யும். ஆகையால் இவற்றோடு சேர்த்து உண்ணலாகாது. ஒரு குவளை நிறையத் தண்ணீருடன் விழுங்கி, சிறிது நேரம் படுக்காமல் இருக்கவேண்டும். இல்லையேல் உணவுக்குழல் புண்ணாகும். இம்மருந்தை உண்பவரின் தோலை வெயில் எளிதில் சுட்டுவிடும். படகில் நாளெல்லாம் வெயிலில் நிற்பவர் இதை மறக்கலாகாது. வளரும் பற்களில் இது கறை ஏற்றுவது 1950களின் பிற்பகுதியிலேயே தெரியவந்தது. ஆகவே கருவுற்ற பெண்களுக்கும் எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும், மருத்துவர் தேர்ந்து சொன்னாலன்றிக் கொடுக்கக் கூடாது. நாட்பட்டுக் கெட்டுப்போன டெட்ராசைக்ளின் சிறுநீரகத்தைத் தாக்கியதும் உண்டு. பெட்டியில் மிஞ்சிக் கிடப்பதை எடுத்து உண்ணவேண்டாம். மருத்துவர் குறித்த அளவு, குறித்த நாள், இவை இரண்டையும் கூட்டாமலும் குறைக்காமலும் கடைப்பிடிப்பதே முறை.