சீவுளி அலகும் தீட்டுங் கோணமும்

மரத்தை மட்டஞ்செய்யுஞ் சீவுளி மிகப் பழைய கருவி. கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதையுண்ட பொம்பேயி நகரிலிருந்து உரோமரின் சீவுளிகள் எடுக்கப்பட்டுள்ளன. ஓர் உடல், அதனுட் சாய்ந்து நிற்கும் இரும்பலகு, அலகை இறுக்கும் ஆப்பு என்னும் அமைப்பு அன்றே உருப்பெற்றுவிட்டது. ஆனால் அலகை எத்தனை பாகையில் தீட்டுவது என்னும் வினா நெடுங்காலம் நீடித்தது.

இங்கே இரு கோணங்களைப் பிரித்தறிதல் வேண்டும். அலகு உடலிற் சாய்ந்திருக்கும் கோணம் ஒன்று. அதன் நுனியைத் தீட்டும் கோணம் மற்றொன்று. தீட்டிய சரிவு கீழ்நோக்கியிருப்பின், மரத்தைச் சந்திக்கும் கோணத்தை முன்னையதே தீர்மானிக்கும். பின்னையது நுனியின் வலிமையைத் தீர்மானிக்கும். குறுகத் தீட்டினால் நுனி கூர்மையுறும். ஆயினும் விரைவில் மடியும், அல்லது பொடியும். அகலத் தீட்டினால் நிலைத்து நிற்கும். ஆனால் மரத்துக்கும் சரிவுக்கும் இடையே இடைவெளி குறைந்து, அலகு வெட்டாது வழுக்கும். 45 பாகைச் சாய்வில் 30 பாகைக்குத் தீட்டிய அலகுக்குப் 15 பாகை இடைவெளி எஞ்சும்.

இலண்டனில் அச்சகமும் பூகோள உருண்டைத் தொழிலும் நடத்திய யோசேப்பு மொக்சன், 1678 முதல் கைத்தொழில்களை விளக்கும் நூலைப் பகுதி பகுதியாக வெளியிட்டார். மென்மரத்துக்கு ஏறத்தாழ 12 பாகை, வன்மரத்துக்கு 18 பாகை என அவர் அதில் விதித்தார். தச்சர் கையில் மட்டும் வாழ்ந்த அறிவு எழுத்தில் ஏறியது.

1721இல் பிரித்தானிய அமெரிக்கக் குடியேற்றங்களின் மரங்களுக்கு இங்கிலாந்து தீர்வையை நீக்கியபின், மகோகனி பெருந்தொகையாக வந்திறங்கியது. நார் மாறி மாறி ஓடும் வன்மரத்தில் 45 பாகைச் சாய்வு சிராய் கிளப்பும். அத்தகைய மரங்களுக்கு 50, 55, 60 பாகைச் சாய்வுடைய சீவுளிகள் பயன்பட்டன. அந்நூற்றாண்டின் பிற்பாதியில், சீவலை உடனே மடித்து ஒடிக்கும் மேலலகு பரவியது.

1869இல் இலியோனாட் பெயிலியின் காப்புரிமைகளை ஸ்டான்லி நிறுவனம் வாங்கியது. அதன்பின் 45 பாகைச் சாய்வுடைய இரும்புச் சீவுளி உலகெங்கும் பரந்தது. சாய்வு தொழிற்சாலையில் உறுதியானமையால், தச்சன் தெரிந்தெடுப்பதற்கு எஞ்சியது பெரும்பாலும் சாணைக்கல்லே. 25 பாகையிற் சாணை பிடித்து, நுனியை மட்டும் 30 பாகையில் தீட்டும் வழக்கம் வேரூன்றியது. சரிவு மேல்நோக்கிய சிறு சீவுளியிலோ கணக்கு மாறும்: 12 பாகைச் சாய்வில் 25 பாகைக்குத் தீட்டினால் வெட்டுங் கோணம் 37 ஆகும், மரத்தின் குறுக்குமுனையைச் சீவ இது உகந்தது. 38 பாகைக்குத் தீட்டினால் அது 50 ஆகி, முரட்டு நாரையும் அடக்கும்.

தொழிற்சாலை கோணத்தை உறுதிசெய்யலாம். ஆனால் மரத்தின் இயல்பை உறுதிசெய்ய எவராலும் இயலாது. ஆதலின் இறுதித் தீர்ப்பு இன்றும் மரத்தை நோக்கித் தீட்டுகின்ற தச்சனின் கையிலேயே தங்கியிருக்கிறது.