கொழுத்த ஈரலும் நெருக்கடியுற்ற உயிரணுவும்

திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் நான் குடியிருக்கும் வீட்டுக்கு அண்மையில் வராகமூர்த்தி கோயிலின் பெருங்குளம் இருக்கிறது. விடியற்காலையில் அதை ஒட்டி நடப்பவர்களுள் நம்மவர் பலர் உண்டு. சென்ற ஆண்டு முதல் நானும் அவர்களோடு சேர்ந்துகொண்டேன். பக்தியினால் அன்று, பரிசோதனைச் சீட்டு ஒன்றினால். என் கல்லீரலில் கொழுப்புப் படிந்துள்ளது என்றது அச்சீட்டு. மதுவைத் தொட்டறியாத எனக்கு அது வியப்பாகவும், உண்மையைச் சொன்னால் அவமானமாகவும் இருந்தது. மலையாளத்தில் ஈரலைக் கரள் என்பார்கள். உயிருக்குயிரானவரைக் கரளே என்று அழைப்பதும் உண்டு. அத்துணை அருமையான உறுப்பின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்த்தேன்.

லண்டன் மருத்துவர் தாமஸ் அடிஸன் 1836ஆம் ஆண்டிலேயே கொழுத்த ஈரலை விவரித்து, அதனைக் குடிப்பழக்கத்தோடு தொடர்புபடுத்தினார். அந்தப் பழி நெடுங்காலம் நீடித்தது. ஆனால் நம் நாட்டில் இதன் முகம் வேறாக இருந்தது. ராபர்ட் மக்காரிஸன் நீலகிரியிலுள்ள குன்னூரில் தொடங்கிய உணவாராய்ச்சிக் கூடத்தில், பின்னாளில் சேலத்தில் பிறந்த டாக்டர் கோபாலன் போன்றோர் குவாஷியார்க்கர் என்னும் குழந்தை நோயை ஆராய்ந்தனர். வயிறு உப்பி, கால் வீங்கி, தலைமயிர் செம்பட்டையான அக்குழந்தைகளின் ஈரலில் கொழுப்பு நிறைந்திருந்தது! பசித்த வயிற்றில் கொழுப்பு ஏது என்று நீங்கள் கேட்கலாம். ஈரல், தான் சேர்க்கும் கொழுப்பைப் புரதத்தோடு இணைத்தே இரத்தத்துக்கு அனுப்புகிறது. கஞ்சியும் கிழங்குமே உணவானால் புரதம் போதாது. வண்டியில்லாத மூட்டைபோல் கொழுப்பு அங்கேயே தங்கிவிடும். இதுவே முக்கியக் காரணமாகக் கருதப்பட்டது. அந்த ஆராய்ச்சிக் கூடம் 1958இல் ஹைதராபாத்துக்குப் பெயர்ந்தது. பஞ்சையின் நோயாக நாம் கண்ட அந்த ஈரல், இரண்டு தலைமுறைக்குள் மேசையருகே அமர்ந்து உத்தியோகம் பார்ப்பவர்களின் நோயாகிவிட்டது.

அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் லுட்விக் என்பார், குடிக்காதவர்களின் ஈரலிலும் குடியர்களுடையதைப் போன்ற கொழுப்பும் அழற்சியும் இருப்பதை 1980இல் எழுதி அதற்குப் பெயரிட்டார். பின்னர் ஒரு புதிர் எழுந்தது. கொழுப்புப் படிந்தோர் பலர். ஈரல் கெடுவோர் அவர்களுள் சிலரே. ஏன்? 1998இல் இங்கிலாந்தின் டே, ஜேம்ஸ் இருவரும், முதல் அடி கொழுப்பு, இரண்டாம் அடி உயிரணுவுக்குள் எழும் ஆக்ஸிஜன் நெருக்கடி என்றனர். தேங்காய் எண்ணெய் நாள்பட்டால் காறிப்போகிறதல்லவா? ஏறக்குறைய அதே இரசாயன மாறுதல் உயிரணுச் சவ்வின் கொழுப்பிலும் நேர்கிறது.

இன்னொரு நெருக்கடியும் உண்டு. உயிரணுவினுள் வலைப்பின்னல் போன்ற ஓர் அமைப்பு இருப்பதை 1945இல் மின்னணு நுண்ணோக்கி காட்டிற்று. புரதங்கள் பல அங்கேதான் உரிய வடிவில் மடிக்கப்படுகின்றன. மடியாத புரதம் குவிந்தால் அபாய அறிவிப்பு எழும் முறையை, 1993 முதலாக ஜப்பானியரான மோரியும் அமெரிக்காவில் பீட்டர் வால்ட்டரும் தனித்தனியே துலக்கினர். அறிவிப்பு எழுந்ததும் உயிரணு புரத உற்பத்தியைக் குறைத்து, மடிக்கும் பணியாளரைப் பெருக்குகிறது. சின்னாளைக்கு இது காக்கும் ஏற்பாடு. ஓயாமல் நீடித்தாலோ, கொழுப்பு ஆக்கம் மிகுந்து, வெளியேற்றம் தளர்ந்து, இறுதியில் உயிரணு மடிகிறது. கொழுப்பு நெருக்கடியை வளர்க்க, நெருக்கடி கொழுப்பை வளர்க்கிறது. உடற்பருமனுக்கும் இந்நெருக்கடிக்கும் இன்சுலின் செயல்குன்றுவதற்கும் உள்ள உறவை ஹோட்டமிஸ்லிகில் குழுவினர் எலிகளில் ஆராய்ந்து 2004இல் வெளியிட்டனர். மடிந்த உயிரணுக்களின் அருகே, 1876இல் குப்ஃபர் கண்ட விண்மீன் வடிவ உயிரணுக்கள் விழித்துத் தழும்புநாரைப் பின்னுகின்றன. தழும்பு முற்றினால் ஈரல் சுருங்கி இறுகும்.

மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். இந்த 'ஸ்ட்ரெஸ்' என்ற சொல்லை அழுத்தம் என்று பெயர்த்தால், படிப்பவர் மாமியார் மருமகள் சச்சரவையோ மேலதிகாரியின் கோபத்தையோ நினைத்துக்கொள்வார். நெருக்கடி என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

நம்மவர் மெலிந்த தேகமும் பருத்த வயிறுமாக இருப்பது சாதாரணம். ஒல்லியாயிருப்பவர்க்கும் இந்நோய் வரலாம். மத்திய அரசு 2021இல் இதனைத் தொற்றாநோய்த் தடுப்புத் திட்டத்தில் சேர்த்தது. மது என்ற சொல்லை அறவே நீக்கி 2023இல் உலக வல்லுநர்கள் நோய்க்குப் புதுப்பெயர் சூட்டினர். என் போன்றோர்க்கு அதில் ஓர் ஆறுதல். அமெரிக்காவில் 2024இல் இதற்கென முதல் மருந்து அனுமதி பெற்றது. ஆயினும் உடல் எடையில் நூற்றுக்கு 7 முதல் 10 பங்கு குறைத்தால் அழற்சி தணியக்கூடும் என்பதே மருத்துவர் முதலில் கூறும் வழி. என் எடை 78 கிலோ; குறைய வேண்டியது ஐந்தரைக் கிலோவாவது. இதுவரை குளக்கரை வாங்கிக்கொண்டது இரண்டரை.